பார்க்காமல் திரும்பிய குதிரைகள்

அத்தியாயம் 7

கொசுறுக்குப் பேய் பயம் கிடையாது. அப்படித்தான் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். இருபத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவன், டிக்கெட் எடுக்காமல் ஏறுகிறவன் எவனாக இருந்தாலும் இறக்கிவிடத் தெரியும், பேயாவது பிசாசாவது என்பார். ஆனால் அந்தப் புதன்கிழமை மதியம், ஜன்னல் இரண்டும் விரியத் திறந்து வெளிச்சம் தாராளமாக விழுந்துகொண்டிருந்த ஓர் அறையில், கம்ப்யூட்டர் திரையில் மூன்று நீலக் குதிரைகள் வந்து ஒரு வாசலில் நின்றபோது, அவருடைய கை ரோமம் எல்லாம் குத்திட்டு நின்றுவிட்டது.

குதிரைகளைப் பார்த்து அல்ல. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி சொன்ன வார்த்தையைக் கேட்டு.

"வந்துட்டான் பாருங்க. இது என் தம்பி."

தம்பி இறந்து பதினேழு நாள் ஆகியிருந்தது.

அந்த அக்காவின் தொழில் பல் செட் செய்வது. மேஜை முழுக்க வெள்ளைச் சாந்தில் வார்த்த தாடைகள் காய்ந்துகொண்டிருந்தன. சொந்தக்காரர் யாரென்று தெரியாத முப்பது வாய்கள் தன்னைப் பார்த்து இளிப்பதாகக் கொசுறுக்குப் பட்டது. நாற்காலியை இரண்டு அடி தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"பயமா, கொசுறு?" என்றார் எட்டம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பயம் இல்ல மேடம். மரியாதை."

எட்டம்மா என்பது அவரைப் பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. வாகன லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகத்தில் இருபத்தைந்து வருஷம் அதிகாரியாக இருந்து, வந்தவர்களை எல்லாம் வண்டியில் எட்டு போடச் சொல்லி, அதில் முக்கால்வாசிப் பேரை வீட்டுக்கு அனுப்பியதில் கிடைத்த பட்டம். ஓய்வு பெற்றதும் துப்பறியக் கிளம்பிவிட்டார். முதல் வேலையாக ஒரு டிரைவரை வைத்தார். டிரைவரோடு ஒட்டிக்கொண்டு வந்தவர்தான் நம்மவர். மூன்று மாதத்தில் டிரைவர் ஓடிப்போனார், கொசுறு மட்டும் தங்கிவிட்டது.

"முதல்ல இருந்து சொல்லுங்கம்மா," என்றார் எட்டம்மா. "தம்பி என்ன வேலை பாத்தார்?"

"அவனும் அவன் கூட்டாளியும் சேர்ந்து ஒரு போர் விளையாட்டு செஞ்சாங்க. ரெண்டு பேர்தான் கம்பெனி. நாம ஒரு ராஜாவா ஆடினா, எதிர்ல இன்னொரு ராஜா ஆடணும் இல்லையா? மனுஷன் இல்லாத நேரத்துல கம்ப்யூட்டரே அந்த ராஜா. அந்த எதிராளியை எழுதினது என் தம்பி. கூட்டாளி விக்கிறவர். அவருக்குப் பேசத் தெரியும், எழுதத் தெரியாது."

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளுக்கு முன்னால், மதியம் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில், அலுவலகத்தின் பின்பக்க இரும்புப் படிக்கட்டில் மூன்றாவது மாடியிலிருந்து இறங்கும்போது தம்பி விழுந்தார். விழுந்த பிறகும் அரை மணி நேரம் உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். யாரும் வரவில்லை. அலுவலகச் சாவி வைத்திருந்த இன்னொருவர் கூட்டாளி மட்டுமே. அவரோ அந்த நேரத்தில் நகரத்தின் மறுகோடியில், தன் வீட்டில், இதே விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தார். இரண்டு நாற்பதுக்கு ஆரம்பித்து ஐந்தரை வரை. முழு ஆட்டமும் வீட்டுக் கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்தது; அதன் நகல்தான் இப்போது அக்காவின் திரையில் ஓடியது. நீலப் படை அவருடையது, சிவப்புப் படை கம்ப்யூட்டர். நீலம் ஒரு நிமிஷம்கூடச் சும்மா நிற்கவில்லை; கடைசியில் ஜெயித்தது.

"போலீஸ் இதைப் பாத்து அவரை விட்டுட்டாங்க," என்றார் அக்கா. "நான் இதைப் பாத்து தூக்கத்தை விட்டுட்டேன்."

"ஏன்?"

"பேர் அவரோடது. ஆடறது அவர் இல்ல மேடம். அந்த மூணு குதிரையைப் பாருங்க. கோட்டை கட்டறதுக்கு முன்னாடியே வாசல்ல நிக்க வெச்சாச்சு. சின்ன வயசுல நாங்க சோடா மூடியை வெச்சு ஆடுவோம். தரைக்கல்லுதான் கட்டம். அவன் எப்பவும் முதல்ல மூணு மூடியை எடுத்து வாசப்பக்கம் வெச்சிடுவான். ஏண்டான்னா, 'வீட்ல ஆள் இருக்கணும்லக்கா'ம்பான்."

அக்கா சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"ஜெயிக்கிறது எப்பவும் அவன்தான். ஆனா என் கடைசி மூடியை மட்டும் எடுக்கவே மாட்டான். பெரியவ நான், தோத்தா அழுது தெருவையே கூட்டிடுவேன். அதனால கிட்ட வந்து, நின்னு, திரும்பிப் போயிடுவான்."

 ஒரு மனிதன் படிக்கட்டுக்கு அடியில் உயிரை விட்டுக்கொண்டிருந்த அதே நிமிஷங்களில், நகரத்தின் மறுகோடியில் அவனுடைய மூன்று குதிரைகள் வாசல் காத்துக்கொண்டிருந்தன. கண்டக்டர் வேலையில் இதற்கு விதிமுறை எதுவும் இல்லை.

"நாளைக்குக் காலைல ஸ்டேஷன்ல கையெழுத்து போடணும்," என்றார் அக்கா. "விபத்துன்னு எழுதி ஃபைலை மூடிடுவாங்க. மேடம், ஒண்ணு இது அவன்தான்னு சொல்லுங்க, கையெழுத்தைப் போட்டுட்டு தினமும் இந்தப் பெட்டி முன்னாடி உக்காந்துக்கறேன். இல்லைன்னா அவன் இல்லைன்னு சொல்லுங்க. நடுவுல மட்டும் விட்டுட்டுப் போகாதீங்க."

 எட்டம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து எட்டு போடுகிறவனைக் கவனிப்பதுபோல ஆட்டத்தைக் கவனித்தார்.

"இந்தக் கறுப்பு என்ன?"

"நாம இன்னும் போகாத இடம். ஆள் அனுப்பிப் பாத்தாத்தான் வெளிச்சம் வரும். இது நீலத்தோட கண்ணு வழியா தெரியற காட்சி. அதனாலதான் முக்காவாசி இருட்டு."

"ஒவ்வொரு தடவையும் இதே நாடுதானா?"

"இல்லை, தடவைக்குத் தடவை மாறும். ஆறு, மலை எல்லாமே புதுசு. 'ஒவ்வொரு முறையும் ஒரு புதிய நாடு'ன்னு விளம்பரமே அதுதான்."

திரையில் நீலப் படை வீட்டிலிருந்து கிளம்பி இருட்டுக்குள் நுழைந்தது. நேராகப் போனது, திடீரென்று இடது பக்கம் வளைந்தது, மறுபடி நேரானது. போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு தங்கச் சுரங்கம் இருந்தது.

"நிறுத்துங்க. பின்னால போங்க."

அக்கா பின்னால் போனார். படை மறுபடி கிளம்பியது, மறுபடி வளைந்தது.

"இன்னொரு தடவை."

மூன்றாவது தடவை எட்டம்மா தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொசுறுக்கு அந்தச் சைகை தெரியும். இதற்கு அப்புறம் யாருக்காவது லைசென்ஸ் போகும்.

"எங்க வளையுது, கொசுறு?"

"சேறு இருக்கற இடத்துல மேடம். சதுப்பு. போனா மாட்டிக்கும்."

"சேறு எப்பத் தெரியுது?"

கொசுறு உற்றுப் பார்த்தார். படை வளைந்தது. வளைந்து முடித்த பிறகுதான் இருட்டு விலகி, பக்கத்தில் சேறு பளபளத்தது.

"வளைஞ்ச பிறகு," என்றார். குரல் உள்ளே போயிருந்தது.

"இந்த ஆளுக்கு நான் லைசென்ஸ் குடுத்திருக்க மாட்டேன்," என்றார் எட்டம்மா. "எந்தத் திருப்பத்துலயும் பாக்கலை. ஒரு குதிரையைக்கூட முன்னாடி அனுப்பி என்ன இருக்குன்னு கேக்கலை. பாக்காம ஓட்டறவன்ல ரெண்டு வகை. ஒருத்தன் முட்டாள், அவன் சேத்துல விழுவான். இவன் விழலை."

"ரெண்டாவது?"

"பாக்க வேண்டிய அவசியமே இல்லாதவன்."

"பேய்க்குத்தான் மேடம் இருட்டுல கண்ணு தெரியும்," என்று கொசுறு கதவுப் பக்கம் ஒரு கண்ணை வைத்தார்.

"வேற யாருக்குத் தெரியும்?" எட்டம்மா அக்காவின் பக்கம் திரும்பினார். "மூலைல 'அரக்கன்'னு எழுதியிருக்கே, அது என்னம்மா?"

"எதிராளியோட மட்டம். மழலை, வீரன், தளபதி, அரக்கன்னு நாலு. மழலை ரொம்ப சுலபம். அரக்கனை ஜெயிக்கறது..." அக்கா நின்றார். நெற்றியில் விரலை வைத்துக்கொண்டார். "தம்பி ஒரு நாள் சாப்பிடும்போது ரொம்ப நொந்துபோய் சொன்னான். 'மட்டத்தை ஏத்தினா மூளை ஏறும்னு கூட்டாளி ஊருக்கெல்லாம் சொல்றாருக்கா. நாலு மட்டத்துக்கும் ஒரே மூளைதான். மழலைன்னா ஒவ்வொரு அடிக்கும் முன்னாடி பத்து எண்ணிட்டு சும்மா நிக்கும். அரக்கன்னா தானியம் ரெண்டு மடங்கு, அப்புறம் இருட்டே கிடையாது, மொத்த நாடும் அதுக்குத் தெரியும். ஏமாத்து வேலைக்கா'ன்னான்."

 வெளியே ஒரு லாரி பின்னால் வரும் சத்தம் கேட்டது.

"இந்தக் காட்சியை ரெண்டு பேருக்கும் பொதுவா, மேல இருந்து பாக்க முடியுமா?"

அக்கா ஒரு பொத்தானை அமுக்கினார். இருட்டு மொத்தமும் விலகி நாடு முழுசாகத் தெரிந்தது. இந்தக் கோடியில் நீலக் கோட்டை. அந்தக் கோடியில் சிவப்புக் கோட்டை. சிவப்புக் கோட்டை வாசலிலும் மூன்று குதிரைகள் நின்றுகொண்டிருந்தன.

"ஐயையோ," என்றார் கொசுறு. "ஒரே ஆள் ரெண்டு பக்கமுமா?"

"ஒரே ஆள்தான். அவர் எழுதின ஆள்," என்றார் எட்டம்மா. "தன் பழக்கத்தை எல்லாம் எதிராளிக்குச் சொல்லிக் குடுத்திருக்கார். சிவப்பும் அரக்கன், நீலமும் அரக்கன். கூட்டாளி தன் நாற்காலியில கம்ப்யூட்டரை உக்கார வெச்சுட்டு எழுந்து போயிருக்கார். மூணு மணி நேரமும் அந்த நாற்காலி காலி."

"ஒரு மட்டம் கீழ, தளபதின்னு வெச்சிருந்தா மேடம்?"

"வேவு பாக்க ஆள் அனுப்பியிருக்கும். மனுஷன் ஆடற மாதிரியே இருந்திருக்கும். நானும் ஏமாந்திருப்பேன். ஆனா தளபதி அரக்கன்கிட்ட தோத்திருக்கும். அந்த மனுஷனால பொய் ஆட்டத்துலகூட தோக்க முடியலை."

ஜெயித்த முகத்தோடு கொசுறு அக்காவைப் பார்த்தார். பார்த்ததும் அந்த முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அக்கா திரையில் நின்ற நீலக் குதிரைகளை விரலால் ஒரு தடவை தொட்டார்.

"அப்ப அவன் வரலை," என்றார்.

"இல்லம்மா," என்றார் எட்டம்மா. இந்த ஒரு வார்த்தைக்கு அவர் குரல் அதிகாரியின் குரலாக இல்லை.

அக்கா எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு, "நானும் வரேன்," என்றார்.

கொசுறு வாயைத் திறந்தார். எட்டம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

*

அலுவலகம் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் இருந்தது. பின்பக்கத்து இரும்புப் படிக்கட்டு வழியாகத்தான் ஏற வேண்டும் என்று எட்டம்மா பிடிவாதம் பிடித்தார். கைப்பிடிக் கம்பி கொசுறுவின் இடுப்புக்குக் கீழே இருந்தது. அடியில், சிமெண்டுத் தரையில், ஓரிடம் மட்டும் சுற்றிலும் உள்ளதைவிடச் சுத்தமாக இருந்தது. அக்கா அதைப் பார்க்காமல் ஏறினார். அடுத்த சுற்றில் நின்று பார்த்துவிட்டு ஏறினார்.

கதவு சாத்தியிருக்கவில்லை. உள்ளே நான்கு மேஜைகள். மூன்று காலி. நாலாவது மேஜையின் நாற்காலியில் சாம்பல் நிற ஸ்வெட்டர் ஒன்று தொங்கியது. அதன் எதிரே இருந்த கம்ப்யூட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா ஸ்வெட்டரைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

கூட்டாளி அறையின் மறுகோடியில், ஓடுகிற திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். விலை உயர்ந்த சட்டை, ஆனால் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. தாடி ஒரு வாரத்துக்கு மேலானது. கண்கள் சிவந்திருந்தன. சுவரெல்லாம் சுவரொட்டிகள்: 'யோசிக்கும் எதிராளி! நிறுவனரே அரக்கனை வென்ற ஆட்டம், விரைவில்!'

"வாங்க சிஸ்டர்," என்றார் அக்காவிடம். குரல் பழக்கத்தில் மட்டும் இனித்தது. "இவங்க?"

"உங்க ஆட்டத்தோட ரசிகர்கள்," என்றார் கொசுறு.

எட்டம்மா உட்காராமல் பேசினார். சேற்றைச் சொன்னார், வளைவைச் சொன்னார், சிவப்பு வாசலின் குதிரைகளைச் சொன்னார். கூட்டாளி நடுவில் ஒரு தடவை, "அந்த நாடு எனக்குப் பழக்கம்," என்றார்.

"ஒவ்வொரு முறையும் ஒரு புதிய நாடு," என்று கொசுறு சுவரொட்டியைப் படித்துக் காட்டினார்.

 கூட்டாளி தோளைக் குலுக்கினார்.

"சரி. நான் ஆடலை. விளம்பரத்துக்காக கம்ப்யூட்டரையே ரெண்டு பக்கமும் ஆட விட்டேன். 'நிறுவனர் ஜெயிச்சார்'னு காட்டணும், எனக்கு அந்த ஆட்டம் வராது. வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்னு போலீஸ்கிட்ட நானே ஆடினேன்னு சொன்னேன். ஆட விட்டுட்டு உள் ரூம்ல படுத்துத் தூங்கிட்டேன். விளம்பரத்துல பொய் சொன்னேன், ஒத்துக்கறேன். தூங்கினதுக்கு என்ன தண்டனை?"

 சரிதான். பூட்டை உடைத்துத் திறந்தால் உள்ளே இன்னொரு கதவு. நாற்காலி காலி என்று நிரூபித்தாயிற்று. உட்கார்ந்திருக்க வேண்டியவர் எங்கே போனார் என்று அந்த நாற்காலி சொல்லாது. கொசுறு எட்டம்மாவைப் பார்த்தார். எட்டம்மாவின் கை இந்தத் தடவை மூக்குக் கண்ணாடிப் பக்கம் போகவில்லை. நாளைக் காலைக் கையெழுத்து மூவருக்கும் ஞாபகம் வந்தது.

என்ன செய்வதென்று தெரியாதபோது கண்டக்டர் புத்தி எதையாவது எண்ணும். கொசுறு மேஜைகளை எண்ணினார், சுவரொட்டிகளை எண்ணினார், கடைசியில் ஓடிக்கொண்டிருந்த திரைப் பக்கம் போனார்.

மூலையில் 'மழலை' என்று எழுதியிருந்தது. நீலத்துக்கு ஒரே ஒரு வீடுதான் பாக்கி. படை இல்லை, மதில் இல்லை. அதைச் சுற்றிச் சிவப்பு வீரர்கள் வட்டமாக நின்றார்கள். கொசுறு தன்னை அறியாமல் எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று... பத்து. வீரர்கள் அசைந்தார்கள். வீட்டைத் தொடவில்லை. ஒவ்வொருவராகத் திரும்பி, வந்த வழியே போனார்கள்.

"மேடம்," என்றார் கொசுறு மெதுவாக. "கிட்ட வந்துட்டு திரும்பிப் போறாங்க."

நாற்காலி கிறீச்சிட்டது. கூட்டாளி எழுந்து நின்றிருந்தார். திரையைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். பேயறைந்த மாதிரி என்பார்களே, அந்த முகத்தைக் கொசுறு அன்றுதான் நேரில் பார்த்தார்.

"மறுபடியுமா?" என்றார் கூட்டாளி. "மறுபடியும் போயிட்டானா?"

 எட்டம்மா கையைச் சற்றே உயர்த்தி, யாரும் அசைய வேண்டாம் என்றார்.

"பதினேழு நாளா ஆடறேன்," என்றார் கூட்டாளி. அவர் அவர்களிடம் பேசுவதாகத் தெரியவில்லை. "முதல்ல அரக்கன்ல ஆடினேன். எங்க ஒளிஞ்சாலும் நேரா வந்துடறான். மலைக்குப் பின்னாடி ஒரே ஒரு ஆளை ஒளிச்சு வெச்சேன், அங்கயும் வந்துட்டான். தளபதிக்கு இறக்கினேன், வீரனுக்கு இறக்கினேன். ஜெயிச்சாலும் வாசல்ல மூணு குதிரை நின்னு என்னையே பாக்குது. கடைசியா மழலைல வெச்சு, படையை எல்லாம் நானே கலைச்சுட்டு, கையைக் கட்டிட்டு உக்காந்தேன். வா, வந்து முடிச்சுடுன்னு. வர்றான். கடைசி வீடு வரைக்கும் வர்றான். நிக்கறான். பாத்துட்டுப் போயிடறான். பன்னெண்டு தடவை! எதிராளி என்னென்ன செய்யணும்னு நாங்க போட்ட பட்டியல்லயே இப்படி ஒண்ணு இல்லை. எழுதச் சொல்லவே இல்லை. செத்தவன் எப்படி எழுதுவான்?"

"நீங்க எங்க நின்னீங்க அன்னிக்கு?" என்று எட்டம்மா கேட்டார். டீ சாப்பிட்டீர்களா என்று கேட்பதுபோல, அவ்வளவு மெதுவாக.

"படிக்கட்டுல. ரெண்டாவது சுத்துல." கூட்டாளி உட்கார்ந்துவிட்டார். "விளம்பர ஆட்டத்தைக் கம்ப்யூட்டரையே ஆட வெச்சு எடுக்கப் போறேன்னு கண்டுபிடிச்சுட்டான். வெளியீட்டு விழா மேடையிலயே சொல்லிடறேன்னான். யோசிக்கறதெல்லாம் இல்லை, கண்ணும் தானியமும்தான்னு சொல்லிடுவேன்னான். ஆட்டத்தை வீட்ல ஓட விட்டுட்டு, பேசி சரிக்கட்டலாம்னுதான் கிளம்பி வந்தேன். பையை எடுத்துட்டு இறங்கினான். நான் பையைப் பிடிச்சேன். அவன் விடலை. நான் உதறினேன். வேகமா உதறினேன்."

அக்கா சுவரிலிருந்து கையை எடுத்தார்.

"கீழ கிடந்து மேல பாத்தான் சிஸ்டர். கண்ணு திறந்திருந்தது. கையை இப்படி அசைச்சான். இறங்கத்தான் காலை வெச்சேன். அப்பத்தான் வீட்ல ஆட்டம் ஓடிட்டிருக்கறது ஞாபகம் வந்தது. நான் வீட்லதான் இருக்கேன்னு அது சொல்லும். நான் இங்க வரவே இல்லைன்னு ஆயிடும். அதனால..." அவர் உள்ளங்கையால் வாயைத் துடைத்தார். "அதனால திரும்ப மேல ஏறி, முன்பக்கமா இறங்கிப் போயிட்டேன்."

அரை மணி நேரம் என்று டாக்டர் சொன்னது கொசுறுவின் காதில் மறுபடி கேட்டது. அவருக்கு இந்த ஆளைச் சட்டையைப் பிடித்துத் தூக்க வேண்டும் என்றிருந்தது. ஓர் அடி எடுத்தும் வைத்தார்.

"போன் பண்ணுங்க, கொசுறு," என்றார் எட்டம்மா. "இன்ஸ்பெக்டர்கிட்ட அந்த ஃபைலை மூட வேண்டாம்னு சொல்லுங்க."

"நானே வரேன்," என்றார் கூட்டாளி. "எழுதித் தரேன். எல்லாத்தையும் எழுதித் தரேன். இந்த ரூம்ல இனிமே என்னால இருக்க முடியாது." அவர் அக்காவைப் பார்த்தார். சிவந்த கண்களில் தண்ணீர் நின்றது, அதனடியில் ஒரு நப்பாசையும் இருந்தது. "சிஸ்டர், ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவன் பன்னெண்டு தடவை என்னை விட்டுட்டுப் போனான். மன்னிச்சுட்டான்னுதானே அர்த்தம்?"

அக்கா திரையருகே போனார். சிவப்பு வீரர்கள் தங்கள் கோட்டைக்குப் பாதி வழி போயிருந்தார்கள். கடைசி வீடு அப்படியே நின்றது.

"இது எனக்காக எழுதினது," என்றார். "தோத்தா நான் அழுவேன்னு எழுதினது. மழலைல யார் உக்காந்தாலும் அது நான்தான்னு அவன் நெனைச்சுக்குவான்."

கூட்டாளி முதல் தடவையாகத் திரும்பித் திரையைப் பார்த்தார்.

"அவன் உங்களைப் பாத்துத் திரும்பிப் போகலை. உங்களை அவன் பாக்கவே இல்லை."

எட்டம்மா கூட்டாளியின் முழங்கையைப் பிடித்து எழுப்பினார். அவர் எதிர்ப்புக் காட்டாமல் நடந்தார். வாசலில் பின்பக்கப் படிக்கட்டைப் பார்த்ததும் கால் வரவில்லை; முன்பக்கமாகத்தான் அழைத்துப் போக வேண்டியிருந்தது.

கொசுறு போன் பேசி முடித்துத் திரும்பியபோது அக்கா ஸ்வெட்டர் தொங்கிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். திரையில் புதிய நாடு ஒன்று விரிந்திருந்தது. மூலையில் மழலை.

"போலாமாம்மா?"

"ஒரே ஒரு ஆட்டம்," என்றார் அக்கா. "பத்து நிமிஷம் ஆகும். நான் சீக்கிரம் தோத்துடுவேன்."

  கொசுறு பக்கத்து மேஜையிலிருந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரையின் மறுகோடியில் மூன்று சிவப்புக் குதிரைகள் வந்து வாசலில் நின்றன. இந்தத் தடவை அவர் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்ளவில்லை.